கப்பலுக்குப் பெயர் வைத்தவர்கள்

1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டைன் ஆற்றில் இரண்டு சிறிய போர்க்கப்பல்கள் இறக்கப்பட்டன. அவற்றைக் கட்டியது நியூகாசிலை ஒட்டிய எல்ஸ்விக்கில் இருந்த ஆம்ஸ்ட்ராங் நிறுவனம். கட்டுவித்தது இந்தியாவை ஆண்ட அரசு. இந்தியக் கடற்பகுதியின் காவலுக்கென்று கட்டப்பட்ட அவ்விரு கப்பல்களுக்கும் வைக்கப்பட்ட பெயர்கள் பிளாசி, அஸ்ஸாயே.

இந்தப் பெயர்களைச் சற்று நின்று வாசிக்கவேண்டும் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 1757இல் பிளாசியில் வங்கம் கம்பெனியின் கைக்குப் போனது. 1803இல் அஸ்ஸாயேவில் மராட்டியரின் படைவலிமை ஒடிந்தது. இந்தியர்களைக் காப்பதற்காக இந்தியர்களின் பணத்தில் கட்டப்பட்ட கப்பல்கள், இந்தியா கைநழுவிய களங்களின் பெயரைத் தாங்கிக் கடலில் இறங்கின. இதைப்பற்றித் தமிழில் நாம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளாததற்கு ஒரு காரணம் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. இக்கட்டுரை அந்தக் காரணத்தைப் பற்றியது.

முதலில் கப்பலைப் பார்த்துவிடுவோம். 1866இல் ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலப் பொறியாளர், ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமான ஃபியூமேயில் இருந்துகொண்டு, நீருக்கடியில் தானாகவே ஓடிச்சென்று வெடிக்கும் டார்பிடோவைச் செய்துகாட்டினார். அதுவரை கடலில் பெரியது பெரியதுதான், சிறியது சிறியதுதான். டார்பிடோ வந்தபின் ஒரு சின்னஞ்சிறு படகு இருளில் நெருங்கிவந்து மாபெரும் கவசக்கப்பலை மூழ்கடித்துவிடலாம் என்றாயிற்று. அத்தகைய படகுகளை விரட்டிப் பிடிப்பதற்கென்று 1880களின் நடுவில் பிறந்ததுதான் டார்பிடோ பீரங்கிப் படகு. பிளாசியும் அஸ்ஸாயேயும் ஏறத்தாழ 735 டன் எடை கொண்டவை. விரைவாகச் சுடும் இரண்டு பீரங்கிகளும் டார்பிடோ குழாய்களும் அவற்றில் இருந்தன. மணிக்கு 21 கடல்மைல் வேகம் ஓடவேண்டும் என்பது திட்டம். ஆனால் இவ்வகைக் கப்பல்களின் கொதிகலன்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. துரத்தவேண்டிய கப்பலைவிடத் துரத்தப்படவேண்டிய படகே வேகமாக ஓடியது. 1893இல் டெஸ்ட்ராயர் என்னும் புதிய வகை வந்ததும் இவற்றின் காலம் முடிந்தது. ஒரு பத்தாண்டு வாழ்ந்து மறைந்த கப்பலினம் என்று சொல்லிவிடலாம்.

இந்த இனத்தில் ஒன்றைச் சீனாவும் பிரிட்டனில் கட்டப்பட்டதாகப் பார்த்து வாங்கியது. அதன் பெயர் ஃபெய்திங். பறக்கும் இடி என்பது அதன் பொருள். சீனாவின் கதையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் இரண்டு கப்பல்களைக் கட்டிய அதே ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் வாசலில் சீனர்களும் வந்து நின்றார்கள், ஜப்பானியர்களும் வந்து நின்றார்கள். அபினிப் போர்களில் அடிபட்ட சீனம், மேற்கின் கருவிகளை விலைகொடுத்து வாங்கியாவது தன்னைக் காத்துக்கொள்வது என்று முடிவெடுத்தது. 1881இல் சாவ்யோங், யாங்வெய் என்ற இரண்டு கப்பல்களை எடுத்துச்செல்ல இருநூறுக்கும் மேற்பட்ட சீன மாலுமிகள் நியூகாசிலுக்கே வந்தார்கள். 1887இல் எல்ஸ்விக்கில் முடிவடைந்த ஜியுவான், ஜிங்யுவான் என்ற இரண்டு கப்பல்களுக்காக மறுபடியும் வந்தார்கள். வந்தவர்களில் ஐந்துபேர் நோயுற்று இறந்து, எல்ஸ்விக்கின் புனித ஜான் இடுகாட்டிலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் சீன எழுத்தில் பொறித்த கற்கள் அங்கே இருக்கின்றன. சரிந்தும் சிதைந்தும் கிடந்த அக்கற்கள் 2019இல் செப்பனிட்டு நிறுத்தப்பட்டன.

கப்பல்களுக்குச் சீனர்கள் வைத்த பெயர்களைக் கவனியுங்கள். ஜியுவான் என்றால் தொலைவை எட்டுதல். ஜிங்யுவான் என்றால் தொலைவில் அமைதி நிறுத்துதல். யாங்வெய் என்றால் வலிமை காட்டுதல். விலைக்கு வாங்கிய எஃகில் தங்கள் ஆசையை எழுதிக்கொண்டார்கள். அந்த ஆசை நிறைவேறவில்லை. 1894 செப்டம்பர் 17 அன்று யாலு ஆற்றுமுகத்துக்கு அப்பால் நடந்த போரில் சாவ்யோங்கும் யாங்வெய்யும் அழிந்தன. ஜியுவானின் தலைவர் தெங் ஷிசாங், சிதைந்துபோன தன் கப்பலை ஜப்பானின் யோஷினோமீது மோதுவதற்காகச் செலுத்தினார். எட்டுவதற்குள் கப்பல் மூழ்கியது. அவரோடு ஏறத்தாழ 250 பேர் மாண்டார்கள். யோஷினோவும் எல்ஸ்விக்கில் கட்டப்பட்டதுதான். ஒரே பட்டறையின் இரண்டு பிள்ளைகள் கிழக்குக் கடலில் ஒன்றையொன்று கொல்ல முயன்றன. பட்டறைக்கு இருபக்கமும் வரவு.

சீனம் ஏன் தோற்றது என்பது வேறு கதை. கடற்படைக்குரிய பணத்தில் ஒரு பகுதி பேரரசியின் கோடைக்கால அரண்மனைக்குப் போனதும், அங்கே ஏரிக்கரையில் கல்லால் ஆன படகு ஒன்று புதுப்பிக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது, தோற்றபின் அவர்கள் செய்ததை. ஜியுவானின் சிதைவுகள் நூற்றிருபது ஆண்டுகள் கழித்து தாந்தோங் நகரை ஒட்டிய கடலடியில் தேடப்பட்டன. 2015இல் அது ஜியுவான்தான் என்று உறுதிசெய்தபோது அதற்குச் சான்றாக நின்றவற்றுள் ஒன்று, கப்பலின் பெயர் பொறித்த உடைந்த பீங்கான் தட்டு. சோறு உண்ட தட்டிலும் தங்கள் கப்பலின் பெயரை எழுதியிருந்தார்கள், அந்தப் பெயர் அவர்களைத் தேடி மேலே வந்தது. தோல்வியைச் சீனர்கள் மறைக்கவில்லை. அதைப் பெயர்சொல்லிக் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி நம் பக்கம்.

பிளாசியும் அஸ்ஸாயேயும் தனித்துவந்த விதிவிலக்குகள் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பே பம்பாய்த் துறைமுகத்தின் காவலுக்கென்று இங்கிலாந்தில் இரண்டு கவசக்கப்பல்கள் கட்டப்பட்டிருந்தன. அவற்றின் பெயர்கள் அபிசீனியா, மக்தாலா. 1868இல் எத்தியோப்பிய அரசர் தெவோத்ரோசின்மீது நடந்த படையெடுப்பையும், அவர் தற்கொலை செய்துகொண்ட மலைக்கோட்டையையும் நினைவூட்டும் பெயர்கள் அவை. அந்தப் படையெடுப்பில் போனதும் பெரும்பாலும் இந்தியப் படைதான். மதராஸ் சாப்பர்களும் அதில் இருந்தார்கள். 1880களின் இறுதியில் இந்தியாவுக்கென்று ஏழு டார்பிடோ படகுகள் வாங்கப்பட்டன. அவற்றின் பெயர்கள் பலூச், கூர்க்கா, கரேன், மராட்டா, பட்டாணி, ராஜபுத், சீக்கியர். ஏழில் ஒன்றுகூடத் தென்னாட்டைச் சுட்டவில்லை. அக்காலத்தின் மனப்போக்கோடு இது பொருந்தியே வருகிறது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய பிரெடரிக் ராபர்ட்ஸ், பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். தெற்கத்திச் சிப்பாய் போர்க்குணம் இழந்துவிட்டான் என்பது அவருடைய முடிவு. 1897இல் வெளிவந்த தம் நினைவுநூலில் அதை அவரே எழுதியும் வைத்தார்.

போர்க்குணம் இழந்தவன் என்று தள்ளப்பட்ட அந்தச் சிப்பாய்தான் பிளாசியிலும் அஸ்ஸாயேவிலும் நின்றவன் என்பதுதான் இந்தக் கதையின் கசப்பு. 1756 அக்டோபரில் கிளைவ் வங்கத்துக்குக் கப்பலேறியது மதராஸிலிருந்து. அவரோடு சென்றவர்களில் ஏறத்தாழ 1,500 பேர் இந்தப் பக்கத்துச் சிப்பாய்கள். அஸ்ஸாயேவில் வெல்லெஸ்லியின் காலாட்படையில் இரண்டே இரண்டு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள் இருந்தன. மற்றவை மதராஸ் பட்டாளங்கள். அன்றைய ஒருநாள் போரில் வென்ற தரப்பில் மட்டும் மாண்டவரும் காயமுற்றவருமாக ஏறத்தாழ 1,600 பேர். இன்றைய மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இருக்கும் யானை அஸ்ஸாயே யானைதான்.

எனவே இது எளிய கதையல்ல. பிளாசி, அஸ்ஸாயே என்ற பெயர்கள் நம்மீது திணிக்கப்பட்ட அவமானங்கள் என்று சொல்லி முடித்துவிட நாங்கள் விரும்பவில்லை. அந்தத் தோல்விகளை உண்டாக்கிய கைகளில் தமிழர் கைகளும் தெலுங்கர் கைகளும் உண்டு. கூலிக்குப் போனார்கள், பஞ்சத்துக்குப் பயந்து போனார்கள், பரம்பரைத் தொழிலென்று போனார்கள். வென்றது கம்பெனி. பெயர் பெற்றவர் கிளைவும் வெல்லெஸ்லியும். பிறகு அதே ஊர்களின் வரிப்பணத்தில் அந்த வெற்றிகளின் பெயரில் கப்பல் கட்டினார்கள். அந்த ஆண்டுகளில்தான், 1888இல், உப்புவரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2½ ரூபாயாக ஏறியது. அந்த அரசின் ஒவ்வொரு செலவிலும் கஞ்சிக்கு உப்புப் போட்டுக் குடித்தவனின் காசும் சேர்ந்திருந்தது. கப்பலுக்குப் பெயர் வைத்தபோது அவனை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அஸ்ஸாயே என்ற பெயரில் அதற்கு முன்பே ஒரு கப்பல் இருந்தது. 1854இல் கம்பெனியின் இந்தியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட நீராவிப் போர்க்கப்பல் அது. அந்த அஸ்ஸாயே பம்பாயில், நம் தச்சர்களின் கையால் கட்டப்பட்டது. 36 ஆண்டுகளுக்குப் பின் வந்த அஸ்ஸாயே எஃகால் டைன் ஆற்றங்கரையில் கட்டப்பட்டது. பெயர் அப்படியே இருந்தது, தொழில் கடல்கடந்து போய்விட்டது. காஞ்சியின் தறிகளைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

காஞ்சி என்றதும் ஒரு கேள்வி வரலாம். பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற, கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவானேன்? இந்த ஊருக்குத்தான் அதற்குக் கூடுதல் உரிமை என்று நினைக்கிறோம். இரண்டு காரணங்கள்.

ஒன்று, புள்ளலூர். காஞ்சிக்கு அருகில் உள்ள அச்சிற்றூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பான்மையினர் மதராஸ் சிப்பாய்களே. மைசூர்ப்படையின் ராக்கெட்டுகள் அன்று கம்பெனியை நிலைகுலைய வைத்தன. ஹெக்டர் மன்றோ இன்னொரு பெரும்படையோடு காஞ்சியிலேயே இருந்தார். பெய்லியை மீட்க அவரால் முடியவில்லை. செய்தி உறுதியானதும் தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டு மதராஸை நோக்கித் திரும்பினார். அந்த மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் பின்னாளில் இங்கிலாந்தின் வுல்விச்சில் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளைச் செய்தார். ஆக, நம் வயல்வெளியில் ஒருநாள் புதிய ஆயுதம் எதிர்த்திசையில் பாய்ந்ததுண்டு. ஆனால் புள்ளலூர் என்ற பெயரில் பிரிட்டனில் எந்தக் கப்பலும் கட்டப்படவில்லை. தோற்ற களத்தின் பெயரை யாரும் தம் கப்பலுக்கு வைத்துக்கொள்வதில்லை. நமக்கு மட்டுமே அந்த விதி பொருந்தவில்லை.

புள்ளலூரில் இன்று பார்ப்பதற்கு இருப்பவை, மறு ஆண்டு அங்கேயே நடந்த இரண்டாம் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவரின் நினைவுத்தூண்கள். இரண்டு படைகளிலும் செத்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பெயர் அங்கே ஒன்றும் இல்லை. நியூகாசிலில் நோயால் இறந்த ஐந்து சீன மாலுமிகளுக்குக் கல் இருக்கிறது. சொந்த ஊருக்குப் பக்கத்தில் செத்தவர்களுக்கு இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் பழையது. கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்ம பல்லவன் 720இல் சீனத்துத் தாங் பேரரசருக்குத் தூதனுப்பினான். அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் ஈடுபடுத்துவதாகச் சொன்னான். கூடவே, தன் படைக்கு ஒரு பெயர் சூட்டித்தரும்படி கேட்டான். பேரரசர் அறத்தைப் போற்றும் படை என்ற பொருளில் ஒரு பெயரைத் தந்தார். சீனத்தின்பொருட்டு எழுப்பிய கோயில் ஒன்றுக்கும் பெயர் கேட்டுப் பெற்றான். சீன அரச வரலாறுகளில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. இதைக் காஞ்சி அரசன் சீனத்துக்குப் பணிந்ததாகச் சிலர் வாசிக்கலாம். நாங்கள் அப்படி வாசிக்கவில்லை. கேட்டவன் அவன். எந்தப் பெயர் தன் படைக்குப் பெருமை, எந்த உறவு தன் வணிகத்துக்கு நன்மை என்று கணக்கிட்டவன் அவன். பெயரை வெளியிலிருந்து பெறுவதில் இழிவில்லை. கேட்காமலே வைக்கப்படும் பெயரில்தான் இழிவு இருக்கிறது. 720க்கும் 1890க்கும் இடையில் நாம் இழந்தது என்ன என்று யாராவது கேட்டால், இந்த ஒரு வேறுபாட்டைச் சுட்டினாலே போதும்.

இப்போது எங்கள் மனத்தாங்கலுக்கு வருகிறோம்.

தமிழரின் கடல்வரலாறு என்று எழுதத் தொடங்கும் கட்டுரை எதுவானாலும் அதன் பாதை நமக்கு முன்கூட்டியே தெரியும். சங்ககாலத்து நாவாயும் வங்கமும் வரும். யவனர் வருவார்கள். இராஜேந்திர சோழன் கடாரம் கொள்வான். அங்கிருந்து ஒரே தாவலில் 1906க்கு வந்துவிடுவோம், வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்குவார். நடுவில் கிடக்கும் எண்ணூற்றுச்சொச்சம் ஆண்டுகளில் நமக்குப் பெருமை இல்லை, ஆகவே வரலாறும் இல்லை. பெருமை உள்ள இடத்தில் மட்டுமே வரலாறு உண்டு என்று நம்மையறியாமல் ஒப்புக்கொண்டுவிட்டோம். இழந்த கணக்கை எழுதாதவன் வரவுக் கணக்கையும் சரியாக எழுத முடியாது என்பது எங்கள் கட்சி.

வ.உ.சி.யின் செயலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் பிரான்சிலிருந்து அவர் வரவழைத்த இரண்டு கப்பல்களின் பெயர்கள் காலியா, லாவோ. பெயரை மாற்றுவது அவருக்கு முதல் வேலையாகத் தோன்றவில்லை. அவருடைய கம்பெனியின் நோக்கங்களில் இந்தியருக்கும் இலங்கையருக்கும் பிற ஆசிய நாட்டினருக்கும் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் கற்றுக்கொடுப்பதும், கப்பல் கட்டும் துறைகளை நிறுவுவதும் எழுதப்பட்டிருந்தன. சீனப் பேரரசு எல்ஸ்விக்கில் விலைகொடுத்து வாங்கிய பாடத்தைத் தூத்துக்குடி வழக்கறிஞர் ஒருவர் தம் கம்பெனியின் முதல் தாளிலேயே எழுதியிருந்தார். வாங்கிய கப்பல் போதாது, கட்டும் கை வேண்டும் என்பதே அது. பிளாசி, அஸ்ஸாயே கப்பல்களின் கதை தெரியாதவனுக்கு இந்த வரிகள் வெறும் சட்ட வாசகம். தெரிந்தவனுக்கு அவை ஒரு நூற்றாண்டின் விடை. 1908இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள், 1911க்குள் கம்பெனியும் மூடப்பட்டது. மக்கள் அவருக்குத் தந்த பெயர் கப்பலோட்டிய தமிழன். கப்பலின் பெயர் மறந்துபோயிற்று, ஓட்டியவனின் பெயராகக் கப்பல் நிலைத்தது. அந்தப் பெயரை எந்த அரசும் தரவில்லை.

தமிழ் மக்கள் தாமாகப் பெயரெடுத்துக்கொண்ட இன்னொரு கப்பலும் உண்டு. சீனத்தின் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின்முன் வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றியெரிந்தன. குறைந்தது ஐந்துபேர் மாண்டார்கள். துறைமுகத்துப் பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகளைச் சுடுவதற்குள் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளாக அபிசீனியா, மக்தாலா, பிளாசி, அஸ்ஸாயே என்று வாங்கிய காவலில் எதுவும் அன்றிரவு சென்னைக்கு உதவவில்லை. அவையெல்லாம் அதற்கு முன்பே பழசாகி விற்கப்பட்டுவிட்டன. ஊரைவிட்டு ஓடிய மக்கள் திரும்பிவந்தபோது அவர்களிடம் ஒரு புதிய சொல் இருந்தது. பிடிகொடுக்காத கெட்டிக்காரனை, எதிர்நின்று சமாளிக்க முடியாதவனை, எம்டன் என்றார்கள். மதராஸைக் காக்கவேண்டிய கப்பலின் பெயர் தமிழில் ஏறவில்லை. தாக்கிய கப்பலின் பெயர் ஏறியது. மக்களின் மொழி யாருக்கும் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 2006இல் எம்டன் மகன் என்று பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்ப்பெயருக்கு வரிவிலக்கு என்ற ஏற்பாட்டையொட்டி எம் மகன் ஆனது வேறு வேடிக்கை. தொண்ணூறு ஆண்டுகள் தமிழர் வாயில் புழங்கிய சொல்லைவிட வரிச்சட்டத்துக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தது.

இவ்வளவையும் கேட்டபின் நண்பர் ஒருவர் சொன்னார்: "பேரில் என்ன இருக்கிறது ஐயா, கப்பல் ஓடியதா ஓடவில்லையா, அதைப் பாருங்கள்." நியாயமான எதிர்வாதம்தான். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது நம் இலக்கிய உலகத்தின் பழைய நோய் என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு நாங்கள் சொன்ன விடை இந்த ஊரிலேயே இருக்கிறது. காஞ்சியின் நெசவாளர் தம் சேலையின் கரைகளுக்கு மயில்கண், குயில்கண், ருத்திராட்சம், தாழம்பூ என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயரைச் சொன்னால் எத்தனை இழை, எந்த அடுக்கு என்று தறியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். பெயர் அங்கே அலங்காரம் அன்று, வேலையின் சுருக்கக் குறிப்பு. இதே சேலை பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால் போகும்போது கடையின் பெயர் மட்டுமே அதன்மேல் இருக்கும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கவேண்டியிருந்தது ஏன்? பெயர் போனால் கூலி போகும், கூலி போனால் கை போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததால்தான். பம்பாயின் அஸ்ஸாயே எல்ஸ்விக்கின் அஸ்ஸாயே ஆனதும் இதே வழியில்தான், சற்றே தலைகீழாக. அங்கே பெயரை நம்மிடம் விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. புள்ளலூருக்கு மணிமண்டபம் வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். தமிழில் நூறு பக்கத்துக்கு ஒரு புத்தகம் வேண்டும். அதில் மதராஸ் சிப்பாய் எந்தெந்தக் கரைக்குக் கப்பலேறினான் என்பது இருக்கவேண்டும். வங்கத்துக்கு, அபிசீனியாவுக்கு, 1900இல் பாக்ஸர் கிளர்ச்சியை ஒடுக்கச் சீனத்துக்கே போன படைகளில் மதராஸ் பட்டாளங்களும் இருந்தன என்பது உட்பட. எந்தெந்தக் கப்பல் நம் பணத்தில் கட்டப்பட்டது, அதற்கு என்ன பெயர், அது யாரைக் காத்தது என்ற பட்டியல் இருக்கவேண்டும். ஆவணங்கள் சென்னையிலும் லண்டனிலும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இதில் ஒரு பகுதி எழுதப்பட்டும் இருக்கிறது. வ.உ.சி.யின் கப்பல் முயற்சியை ஆ.இரா. வேங்கடாசலபதி ஆவணம் ஆவணமாகத் தேடி எழுதிக்காட்டியிருக்கிறார். அதே பொறுமையோடு முந்தைய நூற்றாண்டை எழுத ஒருவர் வேண்டும். புனைகதைக்காரர்களுக்கும் இடமுண்டு. 1780இல் குளத்தில் தள்ளப்பட்ட பீரங்கிகளை மறுநாள் படித்துறையில் நின்று பார்த்த காஞ்சிக்காரன் என்ன நினைத்தான் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

நிலைமை முன்போல் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1992 முதல் பக்கத்து அரக்கோணத்தில் இந்தியக் கடற்படையின் விமானதளம் இருக்கிறது. அதன் பெயர் ராஜாளி. ராமநாதபுரத்து உச்சிப்புளியில் உள்ள தளத்தின் பெயர் பருந்து. நெல்லைச் சீமையின் தளம் கட்டபொம்மன். சீனத்தார் தம் கப்பலுக்குப் பறக்கும் இடி என்று பெயரிட்ட அதே உரிமையோடு நாமும் நம் பறவைகளின் பெயரை வைத்திருக்கிறோம். 2013 முதல் அரக்கோணத்திலிருந்து எழும்பும் பி-8ஐ விமானங்கள் டார்பிடோ சுமப்பவை. அவை அமெரிக்காவில் கட்டி வாங்கப்பட்டவை. பெயர் நம் கைக்கு வந்துவிட்டது. கட்டும் கை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. வ.உ.சி.யின் நோக்கப் பட்டியலில் பாதிதான் நிறைவேறியிருக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

மிச்சப் பாதியைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். எழுதுகிறவர்களின் பங்குக்கு உரியது வேறு. பிளாசியிலும் அஸ்ஸாயேவிலும் புள்ளலூரிலும் நின்றவர்களுக்கு ஊர் இருந்தது, பெயர் இருந்தது, கடிதத்துக்குக் காத்திருந்த வீடு இருந்தது. படைப்பட்டியல்களில் அப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தமிழெழுத்துக்குத் திருப்பிக்கொண்டுவரும் வேலையை வேறு எந்த மொழிக்காரரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.